மூணு ஊருக்கு ஒரு புத்தகம்

நான் காய்ச்சுற பசைக்குப் பாளையம்பட்டியில நல்ல பேரு இருந்துச்சு. இப்ப அதைச் சொல்லவே வாய் கூசுது. ஆனா இதை வேற எங்கேருந்து ஆரம்பிச்சாலும் என்னைய ஒளிச்சு வச்சுக்கிட்டுப் பேசுறதா ஆயிடும்.

உலகச் சண்டை நடந்துக்கிட்டிருந்த வருசங்க. எவனோ எங்கேயோ சண்டை போட்டான், எங்களுக்கு இங்க அரிசி இல்ல, மண்ணெண்ணெய் இல்ல, காகிதம் இல்ல. பெட்ரோல் கிடைக்காம பஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு பீப்பாய வச்சு, அதுல கரியப் போட்டுக் கொளுத்தி ஓட்டுனாக. ஏத்தம் வந்தா எல்லாரும் இறங்கித் தள்ளணும். நான் அப்பத்தான் கல்யாணமாகிப் பாளையம்பட்டிக்கு வந்திருந்தேன். எங்க வீட்டுக்காரக போர்டு பள்ளிக்கூடத்துல வாத்தியார். சாயங்காலமானா பஞ்சாயத்து போர்டு வாசகசாலைக்குச் செயலாளர். அதுக்குச் சம்பளம் கிடையாது. ஆனா என்ன வேலை பாக்குறீகன்னு யாராச்சும் கேட்டா, இவுக வாசகசாலையத்தான் முதல்ல சொல்லுவாக.

போர்டு குடுக்குற காசுல ஒரு ஊரு வாசகசாலை தனியா நின்னா ஒரு தினசரியும் ஒரு பஞ்சாங்கமும்தான் வாங்கலாம். அதனால இவுக சைக்கிள எடுத்துக்கிட்டு மல்லாங்கிணறுக்கும் திருச்சுழிக்கும் அலையா அலைஞ்சு, மூணு போர்டு ஆளுகளையும் பேசிச் சம்மதிக்க வச்சாக. மூணு ஊரும் சேந்து புத்தகம் வாங்குறது. எதை வாங்குனாலும் ஒரு பிரதிதான். புத்தகமெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள்ள இருக்கும். பெட்டி கொஞ்ச நாள் எங்க ஊர்ல இருக்கும், அப்புறம் பஸ்ஸு மேல ஏறி மல்லாங்கிணறு போகும், அங்கேருந்து திரும்பி வந்து திருச்சுழி போகும். தினசரியும் அப்படித்தான். எங்க ஊர்ல இன்னைக்குப் படிச்சத மல்லாங்கிணறுல நாளைக்குப் படிப்பாக, திருச்சுழியில நாளான்னைக்கு. திருச்சுழிக்காரகளுக்கு மட்டும் சண்டை ரெண்டு நாள் பிந்தி நடக்குதுன்னு எங்க ஊரு ஆளுக கேலி பேசுவாக.

கேலிதான். ஆனா பாருங்க, குடுக்குற காசு மூணு ஊருக்கும் ஒண்ணுபோல. கடைசியா வாங்கிக்கிற ஊரு மட்டும் எப்பவும் திருச்சுழி. அதை அப்ப யாரும் யோசிக்கல. நானும் யோசிக்கல.

மெட்ராஸ்லருந்து பார்சல் எங்க ஊருக்குத்தான் வரும். முதல்ல வாங்குறவுக புத்தகத்தப் பாத்து அனுப்பணும்னு ஒரு வழக்கம் வச்சிருந்தாக. தையல் விட்டிருக்கா, பக்கம் விட்டுப்போயிருக்கான்னு பாக்குறதுக்காக ஏற்பட்ட வழக்கம் அது. போகப் போக, தகாதது எதுவும் இருக்கான்னு பாக்குறதாவும் ஆகிப்போச்சு. வாசகசாலைக்கு வயசுப் பயலுக வாராக, கண்டதையும் படிச்சுக் கெட்டுப்போனா போர்டுக்குக் கெட்ட பேரு வரும்னு தலைவர் சொன்னாராம். தலைவர் பருத்தி யாவாரி. அவரு சொன்னா சொன்னதுதான்.

தகாதது இருந்தா என்ன செய்யுறது? கிழிச்சு எறியலாம்னு பொருளாளர் சொன்னாரு. அவரு பழைய கணக்குப்பிள்ளை. இவுகதான் கூடாதுன்னு தடுத்தாக. "இது மூணு ஊருச் சொத்து. நாம கிழிச்சா மத்த ரெண்டு ஊருச் சொத்த நாசம் பண்ணுனதா ஆயிடும். ஒட்டிட்டா பக்கம் அப்படியேதான இருக்கும்? சேதம் இல்லையில்ல?" அப்படின்னாக. அடடா, என்ன நியாயம்! தலைவரு அசந்துபோயிட்டாராம். நானும்தான் அசந்துபோனேன். என் புருஷன் எவ்வளவு நேர்மையான மனுசன்னு நெஞ்சு நெறஞ்சு போச்சு எனக்கு.

அப்படித்தான் நான் பசை காய்ச்ச ஆரம்பிச்சேன். அரிசிக்கு ஆலாப் பறந்த காலம், அரிசி மாவ வீணாக்க முடியாது. புளியங்கொட்டைய வறுத்து, தோலு நீக்கி, உரல்ல இடிச்சு, துணியில சலிச்சு, தண்ணியில கரைச்சு அடுப்புல வச்சுக் கிண்டணும். கை விட்டா கட்டி தட்டிரும். பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் ஒரு துளி. இவுக ஓரத்துல மட்டும் தடவ மாட்டாக. பக்கம் முழுக்க நீவித் தடவி, ரெண்டு தாளையும் சேத்து, சுருக்கம் இல்லாம அமுக்கி, மேல அம்மிக் குழவிய வச்சிட்டுத்தான் எந்திரிப்பாக. காஞ்ச பிறகு பாத்தா ஒரே தாள் மாதிரி இருக்கும். நகத்த விட்டுக் கிளப்ப முடியாது. ஒரு தடவ ஒரு நாவல்ல இப்படி ஒட்டிவிட்டு அனுப்பிட்டாக. முந்தின பக்கத்துல மொறச்சுக்கிட்டு நின்ன ரெண்டு பேருக்கு அடுத்த பக்கத்துல பிள்ள எப்படிப் பொறந்துச்சுன்னு மல்லாங்கிணறுல ஒரே ரகளையாம். இவுக வந்து சொன்னப்ப நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

அந்த வருசம் திருச்சுழிக்காரக ஒரு தடிப் புத்தகம் கேட்டிருந்தாக. தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமான வைத்தியப் புத்தகம். பால் குடுக்குறது, மாந்தம், சளி, இப்படி ஏதாச்சும் இருக்கும்னு நெனச்சு இவுகளும் சரின்னு எழுதிப் போட்டுட்டாக. பார்சல் வந்துச்சு. வீட்டுக்குக் கொண்டாந்து பிரிச்சு, நடுவுல தொறந்தாக. பாத்தேன், காது மடலெல்லாம் செவந்துபோச்சு இவுகளுக்கு. பட்டுன்னு மூடிட்டு அப்படியே தலைவர் வீட்டுக்கு நடையக் கட்டுனாக. திரும்பி வந்து, "பசை கொஞ்சம் நெறையா வேணும்"னாக.

எனக்கு அப்ப மூணாம் மாசம். மசக்கையில தண்ணி குடிச்சாலே உமட்டும். புளியங்கொட்டை வாசம் வேற. முந்தானைய மூக்குல வச்சுக்கிட்டே கிண்டுனேன். இவுக எனக்கு முதுகு காட்டி உக்காந்து ஒட்டிக்கிட்டே இருந்தாக. ஒட்ட ஒட்டத் தீரல.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"ன்னு கேட்டேன்.

"உனக்கு வேண்டாத விசயம்."

என் வயித்துக்குள்ள இருக்கிறதப் பத்தித்தான் அதுல எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாம இல்ல. படம் ஒண்ணு ஓரமாத் தெரிஞ்சுச்சு. எட்டிப் பாத்திருக்கலாம். எனக்கும் எழுத்துக் கூட்டி இல்ல, நல்லாவே படிக்கத் தெரியும், எங்கப்பா அஞ்சாவது வரைக்கும் படிக்க வச்சிருந்தாரு. ஆனா பாக்கல. வெக்கம்! அதைப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. குழவிய நானே தூக்கிக் கொடுத்தேன்.

பெட்டி மல்லாங்கிணறுக்குப் போயிருச்சு. அங்க அந்தப் புத்தகத்த யாரும் தொடலன்னு கேள்வி. அப்புறம் திருச்சுழிக்குப் போச்சு. நான் மறந்தே போனேன்.

ஏழாம் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை உச்சிவெயில்ல ஒரு அக்கா வீட்டு வாசல்ல வந்து நின்னாக. வெள்ளைச் சேலை, கழுத்துல ஒரு சின்னச் சிலுவை, கையில துணியில சுத்துன ஒரு பொட்டணம். முகமெல்லாம் கரிப்புகை. பஸ்ஸுல வந்த புகைதான். "திருச்சுழியிலருந்து வாரேன் தாயி. வாசகசாலைச் செயலாளர் வீடு இதானா?"ன்னு கேட்டாக. உள்ள கூப்பிட்டு மோரு குடுத்தேன். குடிச்சிட்டுத் துணியப் பிரிச்சாக. அதே புத்தகம். நடுவுல பலகை மாதிரி வெறச்சுப்போயி இருந்துச்சு.

அந்தக்கா புருஷன இழந்தவுக. வேதக்காரக. அவுக அண்ணந்தான் திருச்சுழி வாசகசாலையப் பாத்துக்கிட்டாரு. மதுரை ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்கப் படிச்சுக்கிட்டு இருந்தாகளாம். அடுத்த வாரம் பரிச்சை. வாயால கேள்வி கேப்பாக. தேறுனா நம்ம பக்கத்துலயே சர்க்கார் மருத்துவச்சி வேலை. தேறாட்டி கொழுந்தன் வீட்டு அடுப்படிதான் கதி. "அங்க சுகப்பிரசவம் எத்தனையோ பாத்திருக்கேன். சிக்கலாப் போனா டாக்டரம்மா எங்களப் பின்னாடி தள்ளிட்டு அவுகளே பாத்துக்கிருவாக. நான் வெந்நிக் குண்டானப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். புத்தகத்துல படிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாக. ஆஸ்பத்திரிப் புத்தகம் பீரோவுல பூட்டிக் கெடக்கு. காசு குடுத்து வாங்க எனக்கு வழியில்ல. அதான் அண்ணங்கிட்டச் சொல்லி மூணு ஊருக் கணக்குல வாங்கச் சொன்னேன்."

"எங்களுக்கு வந்து சேந்தப்ப இப்படி இருந்துச்சு. அச்சாபீசுல நடந்த தப்புன்னு நெனச்சேன். அப்புறம் மோந்து பாத்தேன்." சொல்லிட்டு லேசாச் சிரிச்சாக. "ஆரு ஒட்டுனதோ, நல்லா ஒட்டியிருக்காக."

பாவி, நான்தான் பசை காய்ச்சுனேன்னு சொல்ல வாய் வரல. "வாங்கக்கா, அவுக வாசகசாலையிலதான் இருக்காக"ன்னு கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன். பொம்பளைக வாசகசாலைக்குள்ள போற வழக்கமில்ல. நான் வாசப்படியில நின்னுக்கிட்டேன். அக்கா நிக்கல. செருப்பில்லாத காலோட நேரா உள்ள போயிட்டாக. ஞாயித்துக்கிழமைங்கிறதால தலைவரும் பொருளாளரும் எங்க வீட்டுக்காரகளும் அங்கதான் உக்காந்திருந்தாக. பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த ஒண்ணு ரெண்டு பேரு மெதுவா எந்திரிச்சு வெளிய போயிட்டாக.

அக்கா புத்தகத்த மேசை மேல வச்சாக. "ஐயா, இதை ஒட்டிட்டீக. எனக்குப் படிக்கணும். பரிச்சை வருது."

தலைவரு தொண்டையக் கனைச்சாரு. "அம்மா, இது பொது எடம். நாலு பேரு வந்து போற எடம். அதுல வந்து... அந்த மாதிரி..."

"எந்த மாதிரி ஐயா?"

தலைவரு மேல்துண்ட எடுத்து முகத்தத் தொடச்சாரு.

"பிள்ளை எப்படிப் பொறக்குதுன்னு எழுதியிருக்கு. வேற ஒண்ணும் இல்லையே? வேற ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க."

பொருளாளரு எந்திரிச்சு சன்னலோரம் போயி வெளிய வேடிக்கை பாத்தாரு. தலைவரு மேசையத் தடவுனாரு. எங்க வீட்டுக்காரக தரையப் பாத்தாக. ஏழு மாச வயித்தத் தள்ளிக்கிட்டு நான் வாசப்படியில நிக்கிறேன், உள்ள மூணு ஆம்பளைகளுக்கு ஒரு வார்த்தை வாயில வரல. வெக்கக்கேடு! என் புருஷன் பேசணும்னு நான் வேண்டாத சாமி இல்ல. 'நான்தான் ஒட்டுனேன், நானே பிரிச்சுத் தாரேன்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லல. ஊருல நாலு பேரு முன்னாடி என் புருஷன நெனச்சுத் தலகுனிஞ்சது அன்னைக்குத்தான் முதல் தடவ.

கடைசியாத் தலைவரு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. "இது மூணு ஊருப் புத்தகம்மா. நாங்க மட்டும் முடிவு பண்ண முடியாது. மல்லாங்கிணறு ஆளுகளயும் கேக்கணும். அடுத்த மாசம் மூணு ஊரும் கூடுறோம். அப்ப வச்சுப் பேசுவோம்."

"ஒட்டும்போது மல்லாங்கிணறக் கேட்டீகளா?"

அக்கா புத்தகத்தத் திரும்ப எடுக்கக் கையை நீட்டுனாக. தலைவரு அது மேல கையை வச்சுக்கிட்டாரு. "இது இப்ப எங்க பொறுப்பு"ன்னாரு.

எனக்கு எங்கேருந்து வந்துச்சோ தெரியல அந்தக் கோவம். எங்க வீட்ல எனக்கு வாயாடின்னு பேரு, ஆனா புகுந்த ஊருல அது வரைக்கும் வாயத் தொறந்ததில்ல. விறுவிறுன்னு உள்ள போயி, தலைவரு கைக்கு அடியிலருந்து புத்தகத்த உருவிட்டேன். "பசை காய்ச்சுனவ நான். பிரிக்கிறதும் நானே பிரிச்சுக்கிறேன்"னு சொன்னேன். அக்கா என்னையத் திரும்பிப் பாத்தாக. அந்தப் பார்வையில கோவம் இருந்திருந்தாக்கூடத் தேவலை. ஒண்ணுமே இல்ல. 'ஓ, நீதானா'ங்கிற மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து அடுப்புல தண்ணிய வச்சேன். தளதளன்னு கொதிச்சதும் ஆவியில புத்தகத்தப் பிடிச்சோம். பசை எளகுச்சு. ஆனா சண்டைக் காலத்துக் காகிதம், சாணித்தாள் மாதிரி. பசை எளகுறதுக்குள்ள தாளு ஊறிருச்சு. மெதுவா இழுத்தா எழுத்தோட பிஞ்சு வருது. ஒரு பக்கத்து எழுத்து எதுத்த பக்கத்துல ஒட்டிக்கிட்டு வருது. ரெண்டுலயும் ஒண்ணும் வாசிக்க முடியல.

கொஞ்ச நேரத்துல எங்க வீட்டுக்காரக வந்துட்டாக. சட்டையக் கழட்டிப் போட்டுட்டு எங்களுக்கு எதுக்க உக்காந்து, மூங்கில் சிம்பு ஒண்ணச் சீவி, தாளுக்கு நடுவுல விட்டு நெம்புனாக. சுருக்கமில்லாம ஒட்டுன அதே கைதான். நெத்தி வேர்வை புத்தகத்துல விழாம இருக்கத் தோள்ல தொடச்சுத் தொடச்சு வேலை பாத்தாக. ஒட்டுனதுல ஆரம்பத்துல இருந்த பக்கங்க கொஞ்சம் வந்துச்சு. கையச் சுத்தம் பண்றதப் பத்தி ஒரு பக்கம் முழுசா வந்துச்சு. அக்காவுக்கு வேணுங்கிற எடத்துல, 'தலை திரும்பாத பிள்ளை'ன்னு பெரிய எழுத்துத் தலைப்பு மட்டும் வந்துச்சு. கீழ எல்லாம் கூழு.

இவுக சிம்பக் கீழ வச்சிட்டு, "நான் ரொம்ப நல்லா ஒட்டிட்டேன்"னாக. எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, ஓங்கி ஒரு அறை விடலாம்போலவும் இருந்துச்சு.

அக்கா அந்தத் தலைப்பையே பாத்துக்கிட்டிருந்தாக. அப்புறம் சேலையத் தட்டிக்கிட்டு எந்திரிச்சு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன் தாயி"ன்னாக. சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன், கேக்கல. வாசல்ல நின்னு, "ஒனக்கு எது மாசம்?"னு கேட்டாக. சொன்னேன். "தாய்வீடு எங்க?"ன்னாக. திருச்சுழிக்குப் பக்கத்துல இருக்குற எங்க ஊரச் சொன்னேன். "நல்லபடியாப் பொறக்கும்"னு சொல்லிட்டுப் போனாக. வைதிருந்தா நான் தூங்கியிருப்பேன்.

வளைகாப்புப் போட்டு என்னையத் தாய்வீட்டுக்குக் கூட்டியாந்தாக. கரிசக்காடு, பருத்தி வெடிச்சுக் கெடந்த நேரம். வந்ததும் நான் விசாரிச்சது அந்தக்காவப் பத்தித்தான். தேறலையாம். சிக்கலான பிரசவத்துல ரெண்டு கேள்வி கேட்டாகளாம், அக்கா தெரியாதுன்னு சொல்லிட்டாகளாம். அடுத்த வருசம் வான்னு அனுப்பிட்டாக. கொழுந்தன் வீட்ல மாடு கன்னு பாத்துக்கிட்டு இருக்காகன்னு எங்கம்மா சொன்னாக. எங்கம்மாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. நானும் சொல்லல. எப்படிச் சொல்லுவேன்?

வலி எடுத்தது ஒரு விடியக்காலை. எங்க ஊருல வழக்கமாப் பிரசவம் பாக்குற அம்மா வந்து வயித்தத் தடவிப் பாத்துட்டு முகம் மாறிட்டாக. பொழுது ஏறுச்சு, வெயிலும் ஏறுச்சு, பிள்ளை வரல. அப்புறம் அந்தம்மா எங்கம்மாவ வெளிய கூப்பிட்டு, "காலுதான் தெரியுது. இது எனக்குப் பழக்கமில்ல, வேற ஆளப் பாருங்க"ன்னு சொன்னது எனக்கு உள்ள கேட்டுச்சு. ஆஸ்பத்திரிக்கு வண்டியில போட்டுக் கொண்டுபோனா வழியிலயே போயிருவான்னு யாரோ சொன்னாக. "திருச்சுழியில மதுரையில படிச்ச பொம்பள ஒண்ணு இருக்குல்ல, அதைக் கூட்டியாங்க"ன்னு எங்கப்பா வண்டிய விரட்டுனாரு.

அக்கா வந்தாக. ஆஸ்பத்திரியில படிக்கிறவுக சர்க்கார் உத்தரவில்லாம பிரசவம் பாக்கக்கூடாது, பாத்து ஏதாச்சும் ஆச்சுன்னா அடுத்த வருசம் பரிச்சைக்கே விடமாட்டாக. தெரிஞ்சுதான் வந்தாக. உள்ள நொழைஞ்சு என் முகத்தப் பாத்ததும் ஒரு நிமிசம் அப்படியே நின்னாக. அப்புறம் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவ ஆரம்பிச்சாக.

அது வரைக்கும் கலங்கிக் கெடந்த வீடு அக்கா வந்ததும் ஒரு ஒழுங்குக்கு வந்துச்சு. வெந்நி, துணி, எங்கம்மா எங்க பிடிக்கணும், நான் எப்ப முக்கணும், எல்லாத்தையும் சத்தம் போடாமச் சொன்னாக. காலு வந்துச்சு, இடுப்பு வந்துச்சு. "நல்லா இருக்கு, நல்லா இருக்கு, அவசரப்படாத"ன்னாக. அப்புறம் திடீர்னு பேச்சு நின்னுபோச்சு. நான் தலையத் தூக்கிப் பாத்தேன். அக்கா கண்ண மூடிக்கிட்டு எதையோ ஞாபகப்படுத்திக்கிட்டு இருந்தாக. ஒதடு அசையுது.

"என்னக்கா?"

"கையத் தலைக்கு மேல தூக்கி வச்சிருக்கு. அத எறக்கணும்." கண்ணத் தொறந்து என்னையப் பாத்தாக. "எந்தப் பக்கமாத் திருப்பி எறக்கணும்னு... அது புத்தகத்துல அந்தப் பக்கத்துலதான் இருந்துச்சு தாயி."

குத்திக் காட்டல. சத்தியமாச் சொல்லுறேன், குத்திக் காட்டுற தொனியே இல்ல. ஆரோ வழி கேட்டா, அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்னு சொல்லுற மாதிரிச் சொன்னாக. பிள்ளைக்கு மூச்சு முட்டுதேன்னு எங்கம்மா கத்துனாக. அக்கா, "மாதாவே"ன்னு சொல்லிக்கிட்டு உள்ள கைய விட்டு இழுத்தாக.

பிள்ளை நீலம் பாரிச்சு வந்துச்சு. தலகீழாப் பிடிச்சு, முதுகத் தட்டி, வாயில ஊதி, என்னென்னமோ பண்ணுனாக. அழுதுருச்சு. ஆம்பளப் பிள்ளை. எங்கம்மா அழுதுக்கிட்டே குலவை போட்டாக. வெளிய எங்கப்பா சீனி வாங்க ஆளனுப்புனாரு. அக்கா மட்டும் பிள்ளைய மடியில போட்டு வலது கையத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாக. இடது கை காத்துல ஆடுது, விரல விரிக்குது. வலது கை அசையல. தூக்கி விட்டாத் தொப்புன்னு விழுது.

"தோள்பட்டை நரம்பு அறுந்திருக்கும் போல. என் கையிலதான் நடந்துச்சு. என் தப்புதான்"னு எங்கம்மாகிட்டச் சொன்னாக.

எனக்கு நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் செத்துரலாம்போல இருந்துச்சு. பேசத் தெம்பில்ல. "இல்ல, இல்ல"ன்னு தலைய ஆட்டுனேன். எங்கம்மா நான் வலியில தலைய ஆட்டுறேன்னு நெனச்சுக் காலப் பிடிச்சு விட்டாக.

மறுநா மத்தியானம் பஸ்ஸுல எங்க வீட்டுக்காரக வந்தாக. கையில ஒரு வாழப்பழச் சீப்பு, வாயெல்லாம் சிரிப்பு. உள்ள வந்து அக்காவப் பாத்ததும் சிரிப்பு பாதியில நின்னுச்சு. அக்கா பிள்ளையக் குளிப்பாட்டுறதுக்காக மறுபடியும் வந்திருந்தாக. இவுகளுக்குப் பேரு சொல்லிக் கூப்பிடவும் தெரியல, வாங்கன்னு சொல்லவும் வாய் வரல. பிள்ளைய வாங்கி மடியில வச்சுக்கிட்டாக. வேட்டிய மெத்தையா மடிச்சு, தலைய உள்ளங்கையில தாங்கி, அப்படி ஒரு பதமா வாங்குனாக.

"இந்தக் கை ஏன் இப்படிக் கெடக்கு?"ன்னு கேட்டாக.

நான் அக்காவப் பாத்தேன். அக்கா குண்டானுல இருந்த தண்ணியக் கலக்கிக்கிட்டு இருந்தாக. இன்னொரு தடவ தன் தப்புன்னு சொல்லிருவாகளோன்னு எனக்குப் பயம் வந்துருச்சு. அதனால நானே சொன்னேன். பிள்ளை கால் மாறி வந்துச்சு, கை மேல மாட்டிக்கிச்சு, எறக்குற வழி அந்தப் புத்தகத்துல இருந்துச்சாம்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். நாம ஒட்டுன புத்தகம்னு சொல்லல. சொல்ல வேண்டியிருக்கல.

இவுக அந்தச் சின்னக் கைய ரெண்டு விரலால எடுத்து, பிள்ளை நெஞ்சு மேல ஒழுங்கா வச்சாக. அது நழுவி விழுந்துச்சு. திரும்ப எடுத்து வச்சாக. திரும்பவும் விழுந்துச்சு. அக்கா, "தண்ணி ஆறுது, பிள்ளையக் குடுங்க"ன்னு கைய நீட்டுனாக. இவுக குடுக்காம, மறுபடியும் அந்தக் கைய எடுத்து நெஞ்சு மேல வச்சு, விழாமப் பிடிச்சுக்கிட்டாக.